மொஹமடன்: ஓர் ஆங்கிலப் பெயரடையும் அது விட்டுச்சென்ற வினாவும்

சட்டக் கல்லூரி நூலகங்களில் நம் இளைஞர்கள் அடிக்கடி கையிலெடுக்கும் நூல்களுள் ஒன்று தின்ஷா ஃபர்தூன்ஜி முல்லா எழுதியது. 'முல்லா' என்ற பெயரைக் கண்டு அவரை ஆலிம் ஒருவராகக் கருதுவோர் உண்டு. அவர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர். அந்நூலின் தலைப்பு, 'மஹோமெடன் சட்டத்தின் கோட்பாடுகள்' எனப் பொருள்படும். எழுதியவர் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும், பதிப்பாசிரியர்கள் பலர் கைமாறிய பின்னும், அத்தலைப்பு மட்டும் மாறவில்லை. கொல்கத்தாவில் 1891-இல் தோன்றிய மொஹமடன் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் கழகமும் அந்தப் பெயரோடுதான் இன்றும் களம் இறங்குகிறது. இவ்வாறான சில இடங்களைத் தவிர, இச்சொல் ஆங்கில வழக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. இன்று அதைப் பயன்படுத்தும் எழுத்தாளரைப் பழமைவாதி என்றோ, அறியாதவர் என்றோதான் ஆங்கில வாசகர்கள் கருதுவர்.

வழக்கொழிந்த சொல்லொன்றைக் குறித்து இத்தனை ஆராய்ச்சி எதற்கு என வாசகர் வினவலாம். அச்சொல்லை நாம் எதன்பொருட்டு மறுத்தோம் என்பதில் நமக்கே தெளிவில்லை. அதை அகற்றிய இடத்தில் நாம் வைத்த சொல் எல்லா இடத்திலும் பொருந்தவுமில்லை. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் குலவரலாறு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்த விதம் நமக்கு வேதனை தருவது. இடைக்காலப் பிரெஞ்சுக் காவியமான 'ரோலானின் பாடல்', முஸ்லிம்களைச் சிலை வணங்கிகளாகவும், அவர்களின் தெய்வங்களுள் ஒன்றாக அத்திருப்பெயரின் திரிபையும் சித்திரிக்கிறது. அக்காலப் பிரெஞ்சில் அத்திரிபு 'சிலை' எனவே பொருள்பட்டது. அதிலிருந்து பிறந்த 'மாமெட்' எனும் ஆங்கிலச் சொல் முதலில் விக்கிரகத்தையும் பின்னர் பொம்மையையும் குறித்தது. பொம்மை என்ற பொருளில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் அதைக் காணலாம். கஅபாவிலிருந்து சிலைகளை அகற்றிய தூதரின் பெயர், அவரை அறியாத மக்களின் நாவில் சிலைக்கே பெயராயிற்று. அறியாமை ஒரு சொல்லை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'மஹோமெட்டன்' எனும் பெயரடை 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது. 'மொஹமடன்' என்ற வடிவம் அடுத்த நூற்றாண்டில் எழுந்தது. முந்தைய திரிபுகளோடு ஒப்பிடுகையில் இவை நாகரிகமானவையே. ஏசுவதற்காக அன்றி, ஒரு மக்கள் கூட்டத்தை அடையாளப்படுத்துவதற்காகவே இவை ஆக்கப்பட்டன. ஆனால் அதே காலத்து நூல் தலைப்புகளை நோக்கினால், இப்பெயரடையின் உள்ளே இருந்த எண்ணம் புலப்படும். 1649-இல் வெளிவந்த முதல் ஆங்கிலக் குர்ஆன் பெயர்ப்பு, பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்டது. அதன் தலைப்பு 'மஹோமெட்டின் அல்குர்ஆன்'. 1734-இல் ஜார்ஜ் சேல் அரபு மூலத்திலிருந்து செய்த பெயர்ப்பின் தலைப்பிலும், மக்கள் வழக்கு என்ற குறிப்போடு, அத்தொடர் இடம்பெற்றது. இத்தலைப்புகளில் வரும் ஆறாம் வேற்றுமை உருபு நூலுக்கு ஓர் ஆசிரியரைக் கற்பிக்கிறது. 'மொஹமடன்' எனும் பெயரடை செய்ததும் இதையேதான்.

மறுப்புக்கு உரிய காரணம்

இச்சொல்லை மறுக்கும் நம்மவர் பொதுவாகக் கூறும் காரணம் ஒன்றுண்டு. கிறிஸ்துவை வணங்குவோர் கிறிஸ்தவர் எனப்படுவதுபோல, முஹம்மத் (ஸல்) அவர்களை வணங்குவோர் என்ற பொருளை இச்சொல் தருகிறது என்பர். மேடைகளில் இவ்வாதம் எளிதில் எடுபடும். ஆயினும் ஆங்கிலச் சொல்லாக்கத்தை அறிந்த ஒருவர் இதற்கு உடனே விடை கூறிவிடுவார். மார்ட்டின் லூதரைப் பின்பற்றும் கிறிஸ்தவர் 'லூதரன்' எனப்படுகின்றனர். அவர்கள் லூதரை வணங்குவதாக எவரும் கருதுவதில்லை. எனவே அந்த விகுதிக்கு வழிபாடு என்ற பொருள் கட்டாயமன்று. நம் வாதம் இந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது.

ஆனால் லூதரின் எடுத்துக்காட்டே வேறோர் உண்மையைக் காட்டித் தருகிறது. 'லூதரன்' என்றால் லூதரிடமிருந்து தொடங்கிய கொள்கையினர் என்று பொருள். அவ்விகுதி வழிபடப்படுபவரைக் காட்டாவிடினும் மூலவரைக் காட்டுகிறது. ஆகவே 'மொஹமடன்' எனும் சொல், இம்மார்க்கம் ஒரு மனிதரின் சிந்தனையில் பிறந்து, அவர் வாழ்ந்த நூற்றாண்டில் தொடங்கியது என்று கூறிவிடுகிறது. நாம் ஏற்க இயலாதது இதுவே. வஹியா, மனிதச் சிந்தனையா என்பது இஸ்லாத்துக்கும் அதை ஏற்காதோருக்கும் இடையிலான அடிப்படை வினா. அவ்வினாவை எழுப்பாமலே, விவாதிக்காமலே, ஒரு பெயரடை தீர்ப்பு வழங்கிவிடுகிறது. பிறர் இதனை நம்பாதிருக்க உரிமை உடையவர்கள். எனினும் பெயரிடுதலையே தீர்ப்பாக்குதல் அறிவு நேர்மைக்கு உகந்ததன்று.

குர்ஆனின் பெயரிடும் முறை இதற்கு நேர்மாறானது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம், இப்ராஹீம் (அலை) அவர்களையே முஸ்லிம் எனக் குறிப்பிடுகிறது. அல்ஹஜ் அத்தியாயத்தின் 78ஆம் வசனம், இப்பெயர் முன்னரே சூட்டப்பட்டது என்கிறது. ஆலு இம்ரானின் 144ஆம் வசனம், முஹம்மத் (ஸல்) அவர்கள் ஒரு தூதரே என்றும், அவருக்கு முன்னரும் தூதர்கள் சென்றுவிட்டனர் என்றும் நினைவூட்டுகிறது. அண்ணலார் மறைந்த நாளில் திகைத்து நின்ற தோழர்களுக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் ஓதிக் காட்டியது இவ்வசனத்தைத்தான். 'முஸ்லிம்' எனும் சொல் ஓர் ஆளையோ, இனத்தையோ, நாட்டையோ சுட்டவில்லை. இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்ற செயலைச் சுட்டுகிறது.

கிப் அவர்களின் தற்காப்பு

இச்சொல்லுக்காக வாதாடிய அறிஞரும் உளர். 1949-இல் ஹெச்.ஏ.ஆர். கிப் 'மொஹமடனிஸம்' எனும் தலைப்பில் சிறந்த அறிமுக நூலொன்றை வெளியிட்டார். 1911-இல் மார்கோலியத் அதே தலைப்பில் எழுதிய நூலின் இடத்தை நிரப்ப வந்தது அது. முஸ்லிம்கள் இச்சொல்லை விரும்புவதில்லை என்பதை கிப் அறிந்தே இருந்தார். எனினும் முற்காலத்து முஸ்லிம்கள் தம் சமூகத்தை 'அல்உம்மத்துல் முஹம்மதிய்யா' எனப் பெருமையோடு அழைத்துக்கொண்டதை அவர் எடுத்துக்காட்டினார். கலிமாவின் இரண்டாம் பகுதியே இஸ்லாத்தை ஏனைய ஏகத்துவ மதங்களிலிருந்து வேறுபடுத்துகிறது என்பதும் அவர் வாதம்.

இதனைப் புறந்தள்ளிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டின் உஸ்மானிய அறிஞர் இமாம் பிர்கிவீ தம் புகழ்பெற்ற நூலுக்கு இட்ட பெயர் 'அத்தரீக்கத்துல் முஹம்மதிய்யா'. 1912-இல் யோக்யகர்த்தாவில் அஹ்மத் தஹ்லான் நிறுவிய இயக்கத்தின் பெயர் 'முஹம்மதிய்யா'. இந்தோனேசியாவின் மாபெரும் முஸ்லிம் அமைப்புகளுள் அது ஒன்று. அப்பெயரோடு சேர்த்து அழைக்கப்படுவதை நாம் இழிவாகக் கருதுகிறோம் என்றால் அது பொய். நம் இல்லங்களில் ஆண்மக்களுக்கு முதலில் சூட்டப்படும் பெயர் அதுவே.

எனினும் கிப் ஒன்றைக் கவனிக்கத் தவறினார். அரபு மொழியின் 'நிஸ்பத்' விகுதி ஓர் உறவை மட்டுமே காட்டும். ஒருவரே தம் மத்ஹபால் ஷாஃபிஈ ஆகவும், தரீக்காவால் காதிரி ஆகவும், ஊரால் காஹிரி ஆகவும் இருப்பார். இவற்றுள் எதுவும் அவருடைய மார்க்கத்தின் மூலத்தைச் சொல்ல வந்ததன்று. 'உம்மத்துல் முஹம்மதிய்யா' என்பதில் அடைமொழி உம்மத்தை, அதாவது சமூகத்தைத் தழுவுகிறது. மூசா (அலை) அவர்களின் உம்மத் இருந்ததுபோல இது முஹம்மத் (ஸல்) அவர்களின் உம்மத். அந்த அடைமொழியைத் தீனுக்கே பெயராக்கும் வழக்கு இவற்றில் இல்லை. கிப் அவர்களின் தலைப்போ மார்க்கத்தையே அப்பெயரால் அழைத்தது. ஓர் இலக்கணப் பொருத்தத்தைக் கண்டவர், அதன் எல்லையைக் காணவில்லை.

ஆய்வுலகமே அவரைக் கடந்து சென்றது. ஜோசப் ஷாக்ட் 1950-இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பில் 'முஹம்மடன்' எனும் அடைமொழி உண்டு. அவரே 1964-இல் எழுதிய அறிமுக நூலின் தலைப்பு 'இஸ்லாமிக்' என்று மாறியது. கிப் அவர்களின் நூலும் பின்னாளில் 'இஸ்லாம்' எனும் தலைப்போடு மறுபதிப்பாயிற்று. 1978-இல் எட்வர்ட் சயீத் தம் 'ஓரியன்டலிஸம்' நூலில், கிறிஸ்துவை ஒப்புமையாகக் கொண்டு இப்பெயர் ஆக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியபோது, சொல்லின் ஆயுள் ஏறக்குறைய முடிந்திருந்தது.

நம் முன்னோரும் இச்சொல்லும்

இத்தனையும் கூறிய பின், நம் முன்னோர் இச்சொல்லைத் தயக்கமின்றி ஏந்தினர் என்பதையும் கூறியாக வேண்டும். 1863-இல் கல்கத்தாவில் நவாப் அப்துல் லத்தீஃப் நிறுவியது மொஹமடன் இலக்கியச் சங்கம். 1875-இல் சர் சையித் அஹ்மத் கான் அலிகரில் தொடங்கியது மொஹமடன் ஆங்கிலோ ஓரியன்டல் கல்லூரி. 1886-இல் அவர் கூட்டிய கல்வி மாநாட்டின் பெயரிலும் அச்சொல்லே இருந்தது. சென்னையிலும் அரசு மொஹமடன் கல்லூரி எனும் பெயர் தாங்கிய நிறுவனத்தில் நம் தந்தையர் தலைமுறையினர் பலர் பயின்றனர்.

இவர்கள் குர்ஆனை அறியாதவர்களா? இல்லை. ஆட்சியாளரின் மொழியில் தம் சமூகத்துக்கு வழங்கிய பெயரை எடுத்து, அதைக் கொண்டு கல்விக்கூடம் கட்டினார்கள். சொல்லைத் திருத்துவதைவிட அவசரமான பணி அவர்களுக்கு இருந்தது. அப்பணி நிறைவேறியபோது சொல்லும் தானே மாறியது. 1906 டிசம்பரில் டாக்காவில் கூடிய மொஹமடன் கல்வி மாநாட்டை ஒட்டியே 'முஸ்லிம்' எனும் பெயர் தாங்கிய அரசியல் லீக் பிறந்தது. 1920-இல் அலிகர் கல்லூரி, முஸ்லிம் பல்கலைக்கழகமாயிற்று. பழைய ஆவணங்களை மறுபதிப்புச் செய்வோர் சிலர், இப்பெயர்களைச் சத்தமின்றித் திருத்திவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அது முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று; அவர்கள் நின்ற இடத்தையும் கடந்த தூரத்தையும் அழித்துவிடுவதாகும்.

சட்டத்தின் பெயர்

இனி, நாம் அதிகம் சிந்திக்காத பகுதிக்கு வருவோம். 'மொஹமடன் சட்டம்' எனும் தொடரைக் கண்டால் அதை 'இஸ்லாமியச் சட்டம்' என்றோ 'ஷரீஅத்' என்றோ திருத்துவது நம் வழக்கம். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இத்திருத்தம் பல இடங்களில் பிழையானது என்பதே நம் துணிபு.

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித் திட்டம், திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் மஹோமெட்டன்களுக்குக் குர்ஆனின் சட்டம் பொருந்தும் என்றது. அதனைச் செயல்படுத்த ஆங்கில நீதிபதிகளுக்கு நூல் வேண்டியிருந்தது. ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா'வைப் பாரசீகப் பெயர்ப்பின் வழியாக சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலமாக்கி 1791-இல் வெளியிட்டார். ஆசிரியரிடம் அமர்ந்து, விளக்கவுரைகளோடும் மாற்றுக் கருத்துகளோடும் ஓத வேண்டிய ஃபிக்ஹு நூலொன்று, இவ்வாறு அரபறியாத நீதிபதியின் மேசையில் சட்ட விதித் தொகுப்பாக மாறியது. அதன்மேல் ஆங்கில முன்தீர்ப்பு முறை ஏறியது. ஒரு நீதிபதி ஒருமுறை புரிந்துகொண்டது, அடுத்து வருவோரைக் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. முஃப்தி தம் ஃபத்வாவைச் சூழலுக்கேற்ப மீள ஆராயலாம். முன்தீர்ப்பில் அந்த நெகிழ்ச்சி சுருங்கிவிட்டது. இவ்வாறு உருவான ஒன்றையே வழக்கறிஞர்கள் 'மொஹமடன் சட்டம்' என்றனர்.

அது ஷரீஅத்திலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதற்கு 1894ஆம் ஆண்டின் அபுல் ஃபதா வழக்கே சான்று. குடும்பத்தாரின் நலனுக்காகச் செய்யப்படும் 'வக்ஃப் அலல் அவ்லாத்', ஏழைகளுக்கான பங்கு பெயரளவினதே என்ற காரணத்தால் செல்லாது என லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் சையித் அமீர் அலி இதற்கு மாறான கருத்தை முன்னரே விரிவாக எழுதியிருந்தார். நம் ஃபுகஹாக்கள் நூற்றாண்டுகளாக அங்கீகரித்த அறத்தை, அவர்களின் பெயராலேயே ஒரு நீதிமன்றம் மறுத்தது. மௌலானா ஷிப்லி நுஃமானி இதற்கெதிராக ஆலிம்களின் கருத்தைத் திரட்டினார். முஹம்மத் அலி ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913-இல் முஸ்ஸல்மான் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாயிற்று. 'மொஹமடன் சட்டம்' வேறு, ஷரீஅத் வேறு என்பதை அத்தலைமுறை தெளிவாக அறிந்திருந்தது. அவர்கள் போராடியதே அந்த வேறுபாட்டின் பெயரால்தான்.

மற்றொரு சான்று பெண்களின் துயரோடு தொடர்புடையது. கணவனால் கைவிடப்பட்ட பெண், நீதிமன்றங்கள் பின்பற்றிய ஹனஃபி விதிகளின்படி விடுதலை பெற வழியின்றித் தவித்தாள். மதம் மாறினால் திருமணம் முறியும் என்பதால், அவ்வழியை நாடிய பெண்களும் உண்டு. மௌலானா அஷ்ரஃப் அலி தானவி 1930களின் தொடக்கத்தில் மாலிக்கி மத்ஹபின் தீர்வுகளை எடுத்துக்காட்டி எழுதினார். அவ்வழியில் 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. நீதிமன்றத்தின் 'மொஹமடன் சட்டம்' அடைத்த கதவை ஷரீஅத்தின் விரிவு திறந்துவிட்டது.

இலங்கையிலும் இக்கதை நிகழ்ந்தது. 1806-இல் பிரிட்டிஷ் ஆட்சி வெளியிட்டது 'மொஹமடன் சட்டத் தொகுப்பு'. 1931-இல் வந்த முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமோ, மரித்தவர் எந்தப் பிரிவைச் சார்ந்தவரோ அப்பிரிவின் முஸ்லிம் சட்டமே பொருந்தும் என்றது. அங்கே பெயரோடு பொருளும் மாறியது. பெயர் மட்டும் மாறிப் பொருள் மாறாத இடங்களே நமக்கு இடர் தருவன.

1937ஆம் ஆண்டின் முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) நடைமுறைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். வழக்காறுகளை நீக்கி ஷரீஅத்தை நிலைநாட்ட வந்த அச்சட்டம், விவசாய நிலத்தின் வாரிசுரிமையை விலக்கி வைத்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் வந்த திருத்தமே அவ்விலக்கை இங்கு நீக்கியது. மகளின் பங்கைக் குர்ஆன் விதித்துள்ளது. அதில் நிலத்துக்கு விலக்கு ஏதுமில்லை. எனினும் அச்சட்டத்தின் தலைப்பில் 'ஷரீஅத்' எனும் சொல் உண்டு. அச்சொல் அங்கு எதைக் குறிக்கிறது என்பது இன்றும் தீராத வினா. 2017 ஆகஸ்டில் முத்தலாக் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வரவில்லை. நீதிபதி குரியன் ஜோசப், குர்ஆனுக்கு முரணானது ஷரீஅத் ஆகாது என்றார். நீதிபதி நாரிமன், 1937ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு அரச சட்டத்தின் தகுதியைத் தந்தது என்றார். தலைமை நீதிபதி கேஹர் இக்கருத்தை ஏற்கவில்லை. ஒரு சொல்லின் பொருளே அங்கு வழக்காகி நின்றது.

இங்குதான் நம் திருத்தத்தின் விலை தெரிகிறது. நீதிமன்றங்கள் கட்டியெழுப்பிய விதிகளை நாம் 'ஷரீஅத்' என்று அழைக்கும்போது, மனிதர் ஆக்கிய ஒன்றுக்கு இறைச்சட்டத்தின் புனிதத்தை அளித்துவிடுகிறோம். அதன் குறையைக் காண்போர் ஷரீஅத்தைக் குறைகூறுகின்றனர்; நாமோ அக்குறையையே ஷரீஅத்தெனக் காக்கப் புறப்படுகிறோம். இருசாராரும் ஒரே சொல்மயக்கத்தில் சிக்கியுள்ளோம். ஆஸஃப் ஃபைஸீ 1949-இல் வெளிவந்த தம் நூலுக்கு 'முஹம்மடன் சட்டம்' எனும் பெயரை வைத்துக்கொண்டது, பழமைப் பற்றினால் மட்டுமன்று. இந்திய நீதிமன்றங்களில் நடைமுறைப்படுத்தப்படும் பகுதியை, பரந்த ஷரீஅத்திலிருந்து பிரித்துக்காட்ட அது அவருக்கு உதவியது. அவருடைய பிற கருத்துகள் பலவற்றோடு நாம் உடன்படாதிருக்கலாம். இந்தப் பாகுபாடு ஏற்கத்தக்கது. மார்க்கத்துக்குப் பொய்யான பெயராக அமைந்த அச்சொல், மனிதரை மூலமாகக் கொண்ட இச்சட்டத் தொகுதிக்கு வரலாற்றுப் பெயராக நன்கு பொருந்திவிடுகிறது.

தமிழில்

தமிழில் 'முகமதியர்', 'மகமதியர்' எனும் சொற்கள் இந்த ஐரோப்பியச் சொல்லின் அச்சில் வார்க்கப்பட்டவையே. 'முகமதியர் ஆட்சி' என்ற தலைப்பைப் பழைய வரலாற்று நூல்களில் படித்தவர்கள் நம்முள் பலர். தமிழ் மண் நம்மைச் சோனகர் என்றும் துலுக்கர் என்றும் அழைத்திருக்கிறது. அவற்றுள் சில பின்னாளில் ஏளனக் குறிப்பேற்றன என்பது உண்மை. ஆயினும் அவை ஒரு மக்களைச் சுட்டிய பெயர்கள். மார்க்கத்தின் மூலம் எது என்று தீர்ப்புக் கூறியவை அல்ல. உமறுப் புலவரின் சீறாப்புராணம் மார்க்கத்தைக் குறிக்கத் 'தீன்' எனும் சொல்லையே தாராளமாக ஆள்கிறது. அண்ணலாரின் வரலாற்றையே பாட வந்த காப்பியம், மார்க்கத்துக்குப் பெயர் சொல்ல அவர் பெயரை நாடவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. நம் சொந்த எழுத்தில் மார்க்கத்துக்கும் மக்களுக்கும் 'இஸ்லாம்', 'முஸ்லிம்' எனும் பெயர்களையே வழங்குவோம். பழைய நூல்களிலும் நிறுவனங்களின் பெயர்களிலும் உள்ள சொல்லைத் திருத்தாமல் விட்டு, தேவைப்படும் இடத்தில் விளக்கம் தருவோம். நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டத்தைக் குறிப்பிடும்போது அதை ஷரீஅத் என்று சொல்வதற்கு முன், இது யாருடைய சொல் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். குறிப்பாகச் சட்டம் பயிலும் நம் பிள்ளைகளும், மதரஸாக்களில் ஃபிக்ஹு ஓதும் நம் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்து, முல்லாவின் நூலையும் ஹிதாயாவையும் அருகருகே வைத்துப் படிக்கும் நாள் வர வேண்டும். எது நீதிபதியின் சொல், எது ஃபகீஹின் ஆய்வு, எது வஹி என்பது அப்போதுதான் நமக்கே தெளிவாகும்.